ஓட்டுப் போட்டதோடு நம் வேலை முடியவில்லை: நியூயார்க் தமிழ் மக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஃப்ளஷிங், குவீன்ஸ்
அக்டோபர் 24, 2025

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். தீபாவளி முடிந்து நாலு நாள்தான் ஆகிறது, அதிரச டப்பாவின் அடியில் இன்னும் இரண்டு மூன்று கிடக்கிறது. திங்கட்கிழமை பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் எங்கள் வீட்டில் நாலு குடும்பம் கூடிச் சாப்பிட்டோம். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் பேச்சு மேயர் தேர்தலுக்குப் போய்விட்டது. பெல்ரோஸில் சொந்த வீடு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், "எல்லாக் கணிப்பிலும் மம்தானிதான் முன்னாடி நிக்கிறார், நாம போய் என்ன ஆகப் போகுது?" என்றார். அவர் மனைவி, "ஜெயிச்சாலும் சொன்னதுல ஒண்ணும் நடக்காது, எல்லாம் ஆல்பனி கையில இருக்கு" என்றார். (ஆல்பனி மாநிலத் தலைநகர், மாநிலச் சட்டமன்றமும் ஆளுநரும் இருக்கிற இடம்.) ஒருவர் நம்பிக்கையில் பேசுகிறார், ஒருவர் நம்பிக்கை விட்டுப்போய்ப் பேசுகிறார், ஆனால் இரண்டு பேரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான்: பேசாமல் வீட்டிலேயே இருந்துவிடலாம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அக்கா சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நாம் யாரும் சரியாக உட்கார்ந்து யோசிக்கவே இல்லை என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

அந்தத் திங்கட்கிழமை விடுமுறையையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர்ப் பள்ளிகள் மேயரின் பொறுப்பில் இருக்கின்றன, பள்ளித் துறைக்குத் தலைவரை நியமிப்பதும் அவர்தான். அப்படியிருந்தும் தீபாவளிக்கு ஒரு நாள் லீவு விட மேயர் மனம் வைத்தது மட்டும் போதவில்லை. 2023 ஜூனில் ஆல்பனியில் மாநிலச் சட்டமன்றம் அதற்கென்று ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது, அந்த நவம்பரில் ஆளுநர் கேத்தி ஹோக்கல் கையெழுத்திட வேண்டியிருந்தது. (இங்கே ஆளுநர் என்றால் ராஜ்பவனில் இருக்கிற ஆளுநர் இல்லை. நம்ம ஊர்க் கணக்கில் முதலமைச்சர் மாதிரி.) அவர் கையெழுத்திட்ட இடம் உங்களுக்கே தெரியும், பவுன் தெருவில் இருக்கும் நம் பிள்ளையார் கோயில். ஆளுநரைக் கோயில் வரைக்கும் வரவைத்தது யார் என்று யோசித்துப் பாருங்கள். வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்த பெற்றோர்கள்தான், கேட்ட குரலை ஆல்பனிக்கு எடுத்துப்போன உறுப்பினர்கள்தான். ஒரு நாள் லீவுக்கே இத்தனை படி ஏற வேண்டியிருந்தது என்றால், வாடகைக்கும் பஸ்ஸுக்கும் குழந்தைக் காப்பகத்துக்கும் எத்தனை படி ஏற வேண்டியிருக்கும்?

நான் யாருக்கு ஓட்டுப் போடப் போகிறேன் என்பதை மறைக்கவில்லை. சோரான் மம்தானிக்குத்தான். 34 வயது, கம்பாலாவில் பிறந்தவர், 2021 முதல் அஸ்டோரியாவின் மாநில அசெம்ப்ளி உறுப்பினர், அதற்கு முன்பு வீடு பறிபோகும் நிலையில் இருந்தவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருந்தவர். பிப்ரவரியில் கணிப்பில் 1 விழுக்காடு, ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த ஜூன் 24 முதல்கட்டத் தேர்தலில் கடைசிச் சுற்றில் 56-க்கு 44 என்று ஆண்ட்ரூ குவோமோவைத் தோற்கடித்தார். இதில் நாம் மறந்துவிடும் ஒன்று இருக்கிறது: அந்தத் தேர்தலில் கிட்டத்தட்டக் கடைசி வாரம் வரைக்கும் முன்னணியில் இருந்தவர் குவோமோ. முன்னணியில் இருப்பவர் தோற்க முடியும் என்பதை நாலு மாதத்துக்கு முன்புதான் இதே ஊரில் பார்த்தோம்.

ஆனால் எனக்குப் பெரிய கவலை நவம்பர் 4 இல்லை. அதற்கு மறுநாள்தான்.

எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒரு தாள் மாட்டியிருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் படிவம். எங்களுடையது ரென்ட் ஸ்டெபிலைஸ்டு வீடு, அதாவது வாடகை எவ்வளவு ஏறலாம் என்பதற்கு வரம்பு உள்ள வீடு. ஜனவரி 31-ஆம் தேதி ஒப்பந்தம் முடிகிறது. படிவத்தில் இரண்டு கட்டம்: ஒரு வருஷத்துக்குப் புதுப்பித்தால் 3 விழுக்காடு ஏற்றம், இரண்டு வருஷத்துக்கு என்றால் 4.5 விழுக்காடு. இப்போது 1850 டாலர் கட்டுகிறோம். ஒரு வருஷக் கட்டத்தில் டிக் போட்டால் 1905 டாலர் 50 சென்ட், இரண்டு வருஷக் கட்டத்தில் போட்டால் 1933 டாலர் 25 சென்ட். எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று மூன்று வாரமாக நானும் என் கணவரும் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அடுத்த மேயர் வாடகையை ஏறவிடாமல் நிறுத்துவார் என்று நம்பினால் ஒரு வருஷம் போட வேண்டும், நம்பவில்லை என்றால் இரண்டு வருஷம். இந்த ஊரில் இப்படிப்பட்ட வீடுகள் கிட்டத்தட்ட 10 லட்சம் இருக்கின்றன, எத்தனை சமையலறையில் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்!

மம்தானியின் வாக்குறுதிகளில் ஆல்பனியைக் கேட்காமல் செய்யக்கூடியது என்று பார்த்தால் இதுதான் முதலில் வரும். இந்த வாடகை ஏற்றத்தை முடிவு செய்வது ஒன்பது பேர் கொண்ட வாடகை வழிகாட்டு வாரியம், ஒன்பது பேரையும் நியமிப்பது மேயர். 2015, 2016, 2020 ஆகிய வருஷங்களில் டி பிளாசியோ மேயராக இருந்தபோது, ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு ஏற்றமே கிடையாது என்று இதே வாரியம் முடிவெடுத்தது. அதனால் நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஜனவரி முதல் தேதி காலையிலேயே நடந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. உறுப்பினர்களுக்குத் தனித்தனிப் பதவிக்காலம் இருக்கிறது, வெளியே போகும் மேயர் கடைசி நாட்களில் புது ஆட்களைப் போட்டுவிட்டுப் போனால் அவர்களை உடனே மாற்ற முடியாது. வாரியம் வாக்களிப்பது ஜூன் மாதம், அது அமலுக்கு வருவது அக்டோபரில். வீட்டு ஓனர்களின் வரி, எரிபொருள், காப்பீட்டுச் செலவு எல்லாவற்றையும் வாரியம் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எடுக்காமல் முடிவு செய்தால் வழக்கு வரும்.

இந்த இடத்தில் ஓனர்கள் பக்கத்தையும் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. போன ஜனவரியில் எங்கள் கட்டடத்தில் பாய்லர் நின்றுபோனது, இரண்டு ராத்திரி பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுப் படுக்க வைத்தோம், அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டே இருந்தேன். பாய்லருக்குச் செலவு செய்யக் காசில்லை என்று ஓனர் சொன்னது பொய்யா நிஜமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பழைய கட்டடத்தை வைத்துக்கொண்டு நிஜமாகவே திண்டாடுகிற சின்ன ஓனர்கள் இருக்கிறார்கள், அவர்களில் நம்மவர்களும் இருக்கலாம். வாடகையை நிறுத்தி வைக்கிற மேயர் அவர்களுடைய சொத்து வரிக்கும் காப்பீட்டுக்கும் ஒரு வழி செய்யவில்லை என்றால் அந்தக் குளிர் எங்கள் மேல்தான் வந்து விழும். இதை அவரிடம் கேட்க வேண்டியது அவருக்கு ஓட்டுப் போடுகிற நாம்தான்.

அப்புறம் பஸ். போன மாதம் மழை நாளில் மெயின் ஸ்ட்ரீட் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா, கையில் இரண்டு காய்கறிப் பை. மெட்ரோ கார்டை உள்ளே விட்டார், பணம் போதவில்லை என்று இயந்திரம் சத்தம் போட்டது. பைகளைக் கீழே வைத்துவிட்டுப் பர்ஸைத் திறந்து சில்லறை தேடினார், ஒரு காசு உருண்டு ஓட்டுநர் காலடிக்குப் போனது. பின்னால் பதினைந்து பேர் நனைந்துகொண்டு நிற்கிறோம். கடைசியில் ஓட்டுநர் கையைக் காட்டி, உள்ளே போங்கம்மா என்கிற மாதிரி விட்டுவிட்டார். அந்த அம்மா உட்கார்ந்தபின் தலையே நிமிரவில்லை. கட்டணம் இல்லாத பஸ் என்று மம்தானி சொல்லும்போது எனக்கு அந்தக் குனிந்த தலைதான் ஞாபகம் வருகிறது. 'இலவசம்' என்பதோடு 'வேகம்' என்பதையும் அவர் ஏன் சேர்த்துச் சொல்கிறார் என்பதும் அந்தப் பதினைந்து பேருக்கு நன்றாகப் புரியும்.

இது புதுசும் இல்லை. 2023 செப்டம்பர் முதல் ஒரு வருஷம், ஒரு பரோவுக்கு (நகரத்தின் ஐந்து பெரும்பகுதிகளில் ஒன்று) ஒன்று என்று ஐந்து தடங்களில் கட்டணம் வாங்காமல் பஸ் ஓட்டிப் பார்த்தார்கள். குவீன்ஸில் அது ஜமைக்காவிலிருந்து கேம்ப்ரியா ஹைட்ஸ் போகும் கியூ4. அதற்காக ஆல்பனியில் முன்நின்றவர்களில் மம்தானியும் ஒருவர். வார நாட்களில் பயணிகள் 30 விழுக்காடு கூடினார்கள், ஓட்டுநர்கள் மேல் நடக்கும் தாக்குதல் 39 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. நல்ல பலன்தானே? ஆனாலும் ஆல்பனி அதை நீட்டிக்கவில்லை, 2024 ஆகஸ்டோடு முடிந்துபோனது.

தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதா டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, நம் அம்மாக்களும் சித்திகளும் அதில்தான் போய்வருகிறார்கள். அங்கே பஸ் அரசுப் போக்குவரத்துக் கழகத்துடையது, ஈடுகட்டும் பணம் மாநில அரசுடையது, முடிவெடுத்தவர் முதலமைச்சர். எல்லாம் ஒரே கை. இங்கே வாக்குக் கொடுப்பவர் மேயர், பஸ்ஸை ஓட்டும் எம்டிஏ மாநிலத்தின் நிறுவனம். அதன் வாரியத்துக்கு மேயர் பரிந்துரைக்க முடிவது நாலே பேரை. 2 டாலர் 90 சென்ட் கட்டணம் வரும் ஜனவரியில் 3 டாலர் ஆகப் போகிறது, அதை முடிவு செய்ததும் அந்த வாரியம்தான். அந்தக் கட்டண வருமானத்தைக் காட்டித்தான் எம்டிஏ கடன் பத்திரங்கள் விற்கிறது. ஆக, பஸ் கட்டணத்தை எடுக்க வேண்டுமென்றால் வருஷத்துக்குப் பல நூறு மில்லியன் டாலரை யாராவது கட்ட வேண்டும், அந்த ஏற்பாட்டுக்கு ஆளுநர் சம்மதிக்க வேண்டும். மேயர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஓர் உத்தரவு போட்டு முடிக்கிற வேலை இல்லை.

குழந்தைக் காப்பகம் இன்னும் பெரிய மலை. ஆறு வாரக் குழந்தையிலிருந்து ஐந்து வயது வரை எல்லாருக்கும் இலவசம் என்கிறார், வருஷத்துக்கு ஐந்து ஆறு பில்லியன் டாலர் ஆகும் என்கிறார்கள். என் சின்னவனுக்கு இரண்டு வயது. அவனுக்கு டேகேருக்கு மாதம் 1700 டாலர் கட்டுகிறோம், வீட்டு வாடகையை எட்டிப் பிடிக்கிற தொகை. எனக்குத் தெரிந்தே மூன்று பெண்கள், நன்றாகப் படித்தவர்கள், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வேலையை விட்டுவிட்டார்கள். ஊரிலிருந்து அம்மாவையோ மாமியாரையோ ஆறு ஆறு மாதமாக மாற்றி மாற்றி வரவழைத்துத்தானே நம்மில் பலர் பிள்ளை வளர்த்தோம்? விசா கிடைக்காத வருஷம் எப்படி இருந்தது என்று அவரவருக்குத் தெரியும்.

இதற்கான பணத்துக்கு மம்தானி சொல்லும் வழி, வருஷத்துக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்குக் கூடுதலாக 2 விழுக்காடு நகர வரி, நிறுவன வரியை நியூஜெர்சிக்குச் சமமாக 11.5 விழுக்காடு ஆக்குவது. இரண்டுக்கும் ஆல்பனி சட்டம் வேண்டும். ஹோக்கல் செப்டம்பரில் மம்தானியை ஆதரித்து அறிக்கை விட்டார், ஆனால் வருமான வரியை ஏற்ற மாட்டேன் என்பதிலிருந்து இறங்கவில்லை. அவருக்கும் 2026 நவம்பரில் தேர்தல்.

இங்கேதான் 2014-இல் நடந்ததை ஞாபகப்படுத்துகிறேன். டி பிளாசியோ புதிதாக மேயர் ஆனார். நாலு வயதுப் பிள்ளைகள் எல்லாருக்கும் முழு நாள் ப்ரீ-கே (பள்ளிக்கு முந்தைய வகுப்பு), அதற்கு 5 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு வரி என்று சொல்லித்தான் ஜெயித்து வந்தார். அப்போது ஆளுநர் யார் தெரியுமா? முதல்கட்டத்தில் தோற்றும் இன்றைக்கு மேயர் பதவிக்குச் சுயேச்சையாக நிற்கும் அதே குவோமோ. வரி கிடையவே கிடையாது என்றார். ஆனால் நெருக்குதல் குறையவே இல்லை, கடைசியில் வரியைக் கொடுக்காத ஆல்பனி மாநில பட்ஜெட்டிலிருந்து 300 மில்லியன் டாலரைக் கொடுத்தது. அந்த செப்டம்பரில் 50000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் ப்ரீ-கே வகுப்பில் உட்கார்ந்தார்கள். அடுத்த வருஷம் உட்கார்ந்தவர்களில் என் மூத்தவள் ஒருத்தி. நாலு வயதில் முதுகை மறைக்கும் பையோடு போனவள் இப்போது உயர்நிலைப் பள்ளியில் இருக்கிறாள். அன்று டி பிளாசியோ கேட்ட வரி அவருக்குக் கிடைக்கவில்லை. என் மகளுக்கு இடம் கிடைத்தது. அதனால் அடுத்த மேயரை நாம் அளக்கும்போது அவர் சொன்ன வரி வந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், என் சின்னவனைப் போன்றவர்களுக்கு இடம் கிடைத்ததா என்று மட்டும் பார்ப்போம்.

பெல்ரோஸ் அண்ணனுக்கு இப்போது ஒன்று சொல்ல வேண்டும், அவரைப் போல ஃப்ளோரல் பார்க்கிலும் ஜமைக்காவிலும் வீடு வாங்கியிருக்கிற எல்லாருக்கும்தான். கீழ்த்தளத்தில் குடி வைத்திருக்கிறீர்களே, அந்த வாடகையை மேயர் நிறுத்திவிடுவார் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பாதீர்கள். ரென்ட் ஸ்டெபிலைசேஷன் பெரும்பாலும் 1974-க்கு முன் கட்டிய, ஆறு வீடும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்கு. உங்கள் இரண்டு குடித்தன வீடு அதில் வராது. ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறொன்று. நகர பட்ஜெட் சுமார் 116 பில்லியன் டாலர், 1975-இல் இந்த ஊர் திவாலாகும் நிலைக்குப் போய்வந்த பிறகு, வரவும் செலவும் ஒவ்வொரு வருஷமும் சமமாக வந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். வருமான வரி, நிறுவன வரி எதையும் மேயரால் தனியாகத் தொட முடியாது. ஆல்பனியைக் கேட்காமல் மேயரும் நகர் மன்றமும் ஏற்றக்கூடிய பெரிய வரி ஒன்றே ஒன்றுதான், சொத்து வரி. 2002-இல் பணம் இல்லாமல் திணறியபோது அப்போதைய மேயர் ப்ளூம்பெர்க் அதை ஒரே வீச்சில் 18.5 விழுக்காடு ஏற்றினார். புரிகிறதா அண்ணே? ஆல்பனி கை விரித்தால் ஒரு மேயரின் கண் கடைசியில் போய் நிற்கும் இடம் உங்கள் வீட்டு வாசல். மம்தானியைப் பிடிக்கிறதோ இல்லையோ, ஆல்பனியிலிருந்து பணம் வரவைப்பதில் என்னைவிட உங்களுக்குத்தான் அக்கறை அதிகம் இருக்க வேண்டும்.

வாஷிங்டன் இன்னொரு பக்கம். அதிபர் டிரம்ப், மம்தானி ஜெயித்தால் நகரத்துக்கு வரும் கூட்டரசுப் பணத்தை நிறுத்துவேன் என்று வெளிப்படையாகவே மிரட்டியிருக்கிறார். இந்த மாதத் தொடக்கத்திலேயே ஹட்சன் ரயில் சுரங்கத்துக்கும் செகண்ட் அவென்யூ சப்வேக்கும் சேர வேண்டிய 18 பில்லியன் டாலரை நிறுத்தி வைத்தார்கள். இதில் யார் மேயராக வந்தாலும் தலைவலி உண்டு. ஆனால் பின்னால் எத்தனை லட்சம் பேர் நிற்கிறார்கள் என்று காட்டக்கூடிய மேயருக்கும் நூலிழையில் ஜெயித்து வந்த மேயருக்கும் வித்தியாசம் இருக்கும்.

போலீஸைச் சாடி 2020-இல் எழுதியவற்றுக்காக மம்தானி இப்போது வருத்தம் தெரிவித்திருக்கிறார், ஜெசிகா டிஷ்ஷையே ஆணையராகத் தொடரச் சொல்வேன் என்று இந்த வாரம் விவாதத்தில் சொன்னார். இரவு வேலைக்குப் போய்வரும் பெண்கள் சப்வே பயத்தைப் பற்றிக் கேட்டால் அதை ஏளனம் செய்யாதீர்கள் என்று அவரை ஆதரிக்கும் இளைஞர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அது நியாயமான பயம்.

அவர் மதத்தைப் பற்றியும் பேசியே ஆக வேண்டும். நம் குழுக்களில் வரும் சிலவற்றைப் படித்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. அவர் முஸ்லிம் என்பதற்காகவே அவரைப் பற்றி எதையும் எழுதலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மோடியைப் பற்றி அவர் சொன்னது பிடிக்கவில்லையா? சரி, அது உங்கள் கருத்து. இஸ்ரேல், காசா பற்றி அவர் சொல்வதில் உங்களுக்கு உடன்பாடு இல்லையா? அதையும் பேசலாம். இந்த ஊரில் பல யூதக் குடும்பங்கள் தங்கள் பாதுகாப்பைப் பற்றிக் கலங்கிப்போய் இருக்கிறார்கள், முன்னணியில் இருப்பவர் அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும், அது அவருடைய கடமை. ஆனால் பெயரைப் பார்த்து ஒருவரைப் பயங்கரவாதி என்று சொல்வது அரசியலே இல்லை. 83 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து ஓடி வந்து ஸ்டேட்டன் ஐலண்டில் குடியேறிய குடும்பங்களைக் கேளுங்கள், பெயரைக் கேட்டே ஆளைச் சந்தேகப்படுகிற நாட்டில் வாழ்வது எப்படி இருக்கும் என்று அவர்கள் சொல்வார்கள். நம் கையால் அதை இன்னொருவருக்குச் செய்யாதீர்கள். வந்த செய்தியை அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடும் முன் தயவுசெய்து ஒரு நிமிடம் நிறுத்துங்கள்.

இனி ஓட்டுச் சாவடி விஷயம், இதில் நம்மவர்களுக்குக் குழப்பம் இருப்பதைத் திங்கட்கிழமைதான் கண்டுபிடித்தேன். ஜூனில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தினோமே, மம்தானிகூட லஸ்ஸி டம்ளர்களை வைத்து ஹிந்தியில் வீடியோ போட்டு விளக்கினாரே, அது முதல்கட்டத் தேர்தலுக்கு மட்டும். இப்போது வரிசை கிடையாது, ஒரே ஒருவருக்குத்தான் ஓட்டு. மம்தானியின் பெயர் ஜனநாயகக் கட்சி வரிசையிலும் வொர்க்கிங் ஃபேமிலிஸ் கட்சி வரிசையிலும் இரண்டு இடத்தில் இருக்கும், ஏதாவது ஒரு வட்டத்தை மட்டும் நிரப்புங்கள். ரிபப்ளிகன் கட்சியின் கர்ட்டிஸ் ஸ்லிவா பெயரும் இரண்டு இடத்தில் இருக்கும். குவோமோ சுயேச்சையாகத் தனி வரிசையில் நிற்கிறார். செப்டம்பர் கடைசியில் போட்டியிலிருந்து விலகிவிட்ட மேயர் ஆடம்ஸின் பெயர் இன்னும் தாளில் அச்சாகித்தான் இருக்கிறது. அப்புறம், ஆறு கேள்விகளும் இருக்கின்றன, அவற்றை விட்டுவிட்டு வராதீர்கள். 2, 3, 4 மூன்றும் வீடு கட்டுவதை விரைவுபடுத்துவது பற்றியவை, நகர் மன்றத்துக்கு இருக்கும் அதிகாரத்தைக் கொஞ்சம் குறைத்து அதைச் செய்கின்றன. வீட்டிலேயே படித்துவிட்டுப் போங்கள். முன்கூட்டி வாக்களிப்பு நாளை, 25-ஆம் தேதி தொடங்கி நவம்பர் 2 வரை. தேர்தல் நாளான நவம்பர் 4 அன்று காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை.

கிரீன் கார்டிலும் ஹெச்-1பியிலும் இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை. உள்ளூர்த் தேர்தலில் உங்களையும் சேர்க்க 2021-இல் நகர் மன்றம் ஒரு சட்டம் போட்டது, இந்த மார்ச்சில் மாநில உயர்மட்ட நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. ஓட்டு இல்லையே தவிர வாய் இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில், உங்கள் மாடியில், ஓட்டுள்ளவர் யாரென்று பார்த்துப் போய்ப் பேசுங்கள்.

போன மேயர் தேர்தலில், 2021 நவம்பரில், பதிவு செய்திருந்த வாக்காளர்களில் நாலில் ஒருவர்கூட வரவில்லை. ஆல்பனிக்காரர்கள் பார்ப்பது அந்த எண்ணைத்தான். 150 அசெம்ப்ளி உறுப்பினர்களும் 63 செனட்டர்களும் அடுத்த நவம்பரில் ஓட்டுக் கேட்டு வர வேண்டியவர்கள். தங்கள் தொகுதியில் இத்தனை பேர் வரிசையில் நின்று காப்பகத்துக்கும் பஸ்ஸுக்கும் ஓட்டுப் போட்டார்கள் என்று எண் சொன்னால் அவர்கள் பேசுகிற தொனியே மாறும். முன்னணியில் இருப்பவருக்கும் நம் ஓட்டு ஏன் வேண்டும் என்று கேட்ட அண்ணனுக்கு என் பதில் இதுதான். ஜெயிப்பதற்கு மட்டும் இல்லை, ஜெயித்த பிறகு ஆல்பனிக்குக் கையில் எடுத்துப் போவதற்கு.

அதனால் ஓட்டோடு நிறுத்தாமல் ஒரு வேலை செய்வோம் என்று கேட்கிறேன். ஜனவரியில் ஆளுநர் பட்ஜெட்டை வைப்பார், ஏப்ரல் 1-க்குள் அது முடிவாக வேண்டும். நடுவில் இருக்கும் அந்த மூன்று மாதம்தான் கேட்க வேண்டிய நேரம். நம்மில் எத்தனை பேருக்கு நம் அசெம்ப்ளி உறுப்பினர் பெயர் தெரியும்? போன வருஷம்வரை எனக்கே தெரியாது. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபமோ தமிழ்ப் பள்ளிக் கூடமோ எது கிடைக்கிறதோ, அங்கே அவர்களைக் கூப்பிடுவோம். காப்பகத்துக்குப் பணம் ஒதுக்க ஓட்டுப் போடுவீர்களா, பஸ் சோதனையைத் திரும்பக் கொண்டுவருவீர்களா, சின்ன ஓனர்களுக்கு என்ன செய்வீர்கள் என்று முகத்துக்கு நேராகக் கேட்போம். மேயராக மம்தானி வந்தாலும் கேட்க வேண்டும், குவோமோ வந்தாலும் கேட்க வேண்டும். மேயர் வாக்கு மாறினால் அவரையும் அதே மண்டபத்துக்குக் கூப்பிட்டுக் கேட்போம். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளை விட வரும்போது என்னிடம் பெயர் கொடுங்கள், கடிதத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நானே எழுதித் தருகிறேன். தொகுதி எது என்று தெரியாதவர்கள் வீட்டு முகவரியைச் சொன்னால் போதும், அங்கேயே பார்த்துச் சொல்கிறேன்.

நேற்று ராத்திரி பிள்ளைகள் தூங்கியபின் அந்தத் தாளை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தோம். என் கணவர் இரண்டு வருஷம் போடுவதுதான் பத்திரம் என்றார், அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கொஞ்ச நேரம் பேசிவிட்டு ஒரு வருஷக் கட்டத்தில் டிக் போட்டோம். இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன். நாளை காலை பள்ளி வாசலில் பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் ஃப்ளஷிங் சகோதரி